பெரட்டு எடுக்காத கணினி



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது கணினியைப் பற்றி. கணினி என்றதும், "அது பிள்ளைகளுடைய சமாச்சாரம், நமக்கெதற்கு?" என்று வானொலியின் ஒலியைக் குறைத்துவிடாதீர்கள். இன்று பெற்றோர்களுக்குத்தான் இந்தப் பேச்சு அதிகம் தேவை. ஒரு பென்சிலும் தாளும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

2025 நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. புக்கிட் ரோத்தான் பக்கம், நாங்கள் குடியிருக்கும் வரிசையில் நான்கு வீடு தள்ளி இருக்கும் அண்ணன் ஒருவர், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர், என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், கொஞ்சம் வந்து பாருங்க. பிள்ளையோட கம்ப்யூட்டர் செத்துப் போச்சு" என்றார். அவர் மகள் போலிடெக்னிக் மாணவி. செவ்வாய்க்கிழமை ஒப்படைக்க வேண்டிய இடுபணி அந்த மடிக்கணினிக்குள் இருந்தது. அதைவிட முக்கியமாக, அந்த அண்ணனின் தாயார், ஆறு மாதத்துக்கு முன் காலமானவர், அவருடைய படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று கணினிக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியில் அழித்துவிட்டார்கள்.

நான் போனபோது அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். திரை நீலமாக இருந்தது. அதில் ஆங்கிலத்தில், கணினி தன்னைத்தானே பழுது பார்க்க முயன்றும் முடியவில்லை என்று எழுதியிருந்தது. அண்ணன் காரின் சாவியைக் கையில் வைத்திருந்தார். மறுநாள் காலை கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிடலாம் என்பது அவருடைய எண்ணம்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், திரையில் வரும் அந்தச் செய்தி உண்மையில் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

பெரட்டு என்றால் என்னவென்று இளைய நேயர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். என் தகப்பனார் பால்மரம் வெட்டிய காலத்தில், விடியற்காலை இருட்டோடு எல்லாரும் ஒரு திடலில் வந்து நிற்பார்கள். கிராணி பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். தண்டல் அவரவர்க்கு நிரையைப் பிரித்துக் கொடுப்பார். அதன் பிறகுதான் வேலை. பெரட்டு முடியாமல் ஒருவரும் காட்டுக்குள் இறங்க மாட்டார்கள்.

கணினியும் விசையை அழுத்தியவுடன் வேலைக்குக் கிளம்பிவிடுவதில்லை. முதலில் ஒரு ஜாகாக்காரர் எழுந்திருக்கிறார். இவர் தாய்ப்பலகையிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு நிரல். மின்சாரம் இருக்கிறதா, நினைவகம் இருக்கிறதா, வட்டு இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கிராணியை எழுப்பிவிடுவதோடு இவருடைய வேலை முடிந்தது. அடுத்து, வட்டிலிருக்கும் தொடக்க நிரல் என்னும் கிராணி பதிவேட்டைத் திறக்கிறார். விண்டோஸ் எங்கே இருக்கிறது, எதை முதலில் எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கும். பிறகு ஒவ்வொரு துணை நிரலாகப் பெயர் கூப்பிடப்படுகிறது. திரைக்கு ஒருவர், விசைப்பலகைக்கு ஒருவர், வலையிணைப்புக்கு ஒருவர். எல்லாரும் "இருக்கிறேன்" என்று சொன்ன பிறகுதான் நீங்கள் பார்க்கும் வழக்கமான திரை வருகிறது.

மேம்பாடு, அதாவது அப்கிரேட் என்பது இந்தப் பதிவேட்டையும் ஆட்களையும் ஒரே இரவில் மாற்றுகிற வேலை. பாதி மாற்றியிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால், அல்லது வட்டில் இடம் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும்? கிராணியின் கையில் பாதிப் பழைய பதிவேடு, பாதிப் புதிய பதிவேடு. கூப்பிட்ட பெயருக்கு ஆள் இல்லை. நிற்கிற ஆளுக்குப் பெயர் இல்லை. பெரட்டு நின்றுவிடுகிறது. ஆனால், நேயர்களே, மரங்கள் எங்கேயும் போகவில்லை. காட்டில் அப்படியேதான் நிற்கின்றன. உங்கள் படங்களும் கடிதங்களும் இடுபணிகளும்தான் அந்த மரங்கள்.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்" என்பது, பெரட்டு ஒரு நாள் நின்றதற்காகத் தோட்டம் முழுவதையும் வெட்டிச் சாய்ப்பது போல. (வெட்டுவதும் நடுவதும் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. பெஸ்தாரி ஜெயாவில், அன்றைய பத்தாங் பெர்ஜுந்தையில், இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. அந்த மாற்றத்தைக்கூட நாற்று வளர்த்து வைத்துக்கொண்டுதான் செய்தார்கள்.)

இதற்குப் பெரிய சான்று ஒன்றை நீங்களே நேரில் பார்த்திருக்கிறீர்கள். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. அன்று பகலில் கேஎல்ஐஏ விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் பயணிகளின் வரிசை நீண்டுகொண்டே போனது. ஏர் ஏசியா பணியாளர்கள் பயணிகளின் பதிவைக் கையாலேயே செய்தார்கள். கேடிஎம் ரயிலின் பயணச்சீட்டு முறையும் பாதிக்கப்பட்டது. இந்தியாவில் விமானச் சீட்டுகளைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். உலகமெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் நீலத்திரையைக் காட்டி நின்றன. அணைத்துப் போட்டாலும் மறுபடி நீலத்திரைதான்.

என்ன நடந்தது? க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம், கணினிகளைக் காக்கும் தன் மென்பொருளுக்கு ஒரு சிறிய புதுக் கோப்பை அனுப்பியது. நம் நேரப்படி பகல் 12 மணி 9 நிமிடத்துக்கு அனுப்பினார்கள். தவறு தெரிந்து 78 நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள் வாங்கிக்கொண்ட கணினிகள் விழுந்துவிட்டன. தவறு இவ்வளவுதான்: பதிவேடு 21 பேரை எதிர்பார்த்தது, களத்தில் நின்றவர் 20 பேர். இல்லாத 21-ஆவது ஆளைத் தேடிப்போய்க் கணினி தடுக்கி விழுந்தது. அந்தக் காவல் நிரல் பெரட்டின் தொடக்கத்திலேயே கூப்பிடப்படுகிற ஆள். ஆகவே ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதே இடத்தில் விழுந்தது.

அந்தக் கணினிகளை எப்படிச் சரி செய்தார்கள்? எல்லாவற்றையும் அழித்தார்களா? இல்லை. குறைந்த ஆட்களோடு பெரட்டு எடுக்கும் 'சேஃப் மோட்' என்ற நிலையில் கணினியைத் தொடங்கி, அந்த ஒரே ஒரு கோப்பை மட்டும் நீக்கினார்கள். கணினி எழுந்துவிட்டது. உள்ளே இருந்தவை எல்லாம் அப்படியே இருந்தன. ஒவ்வொரு கணினியாகப் போய் உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்ததால்தான் சில இடங்களில் பல நாட்கள் ஆயின.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். சொல்வதற்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2016-ஆம் ஆண்டு ஜூலை மாதம். விண்டோஸ் 10-க்கு இலவசமாக மாறிக்கொள்ளலாம், அந்த மாதம் 29-ஆம் தேதியோடு சரி என்று சொன்னார்கள். இலவசம் என்றால் விடுவோமா? நானும் என் மடிக்கணினியில் தொடங்கினேன். பாதியில் நின்று, மறுபடி தொடங்கி, "உங்களுடைய பழைய விண்டோஸுக்குத் திரும்புகிறேன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. கிராணி புதுப் பக்கங்களைக் கிழித்துவிட்டுப் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அதன் பொருள். அது எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் பார்த்தேன், பொறுமை போய்விட்டது. விசையை அழுத்தி அணைத்தேன். மறுபடி போட்டபோது ஒன்றும் வரவில்லை. மறுநாள் ஒரு கடையில் கொடுத்து, எப்படியாவது ஓட வைத்தால் போதும் என்று நானே சொன்னேன். ஓட வைத்துக் கொடுத்தார்கள். வெறுமையாக.

அதற்குள் என் தகப்பனாரின் குரல் இருந்தது. அவர் காலமாவதற்கு முந்தின தீபாவளிக்கு, பால்வெட்டுக் கத்தியைத் தீட்டுவது எப்படி என்று என் மகனுக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பதிவு செய்து வைத்திருந்தேன். பதினோரு நிமிடம். அழித்து அதன்மேல் புதியதை எழுதிவிட்ட பிறகு, அதை மீட்டுத்தர ஒருவராலும் முடியவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டதைத்தான் அவர் செய்தார்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை இரவுக்கு வருகிறேன்.

முதல் வேலையாக, திரையில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னேன். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டோம். ஆங்கிலம் புரியாவிட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள். டிரெசரிடம் போகும்போது, "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? எத்தனை நாள் காய்ச்சல், குளிர் உண்டா என்று கேட்பார் அல்லவா? பெரட்டு எங்கே நின்றது என்பதைத்தான் அந்தச் செய்தி சொல்கிறது.

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் வந்தால், அது ஜாகாக்காரர் பேசுவது. கிராணியின் வீட்டையே காணவில்லை என்கிறார். பெரும்பாலும் யாரோ ஒரு பென்டிரைவைச் செருகியபடி விட்டிருப்பார்கள். ஜாகாக்காரர் அந்த வீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு நிற்கிறார். பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அப்போதும் அதே செய்தி வந்து, வட்டிலிருந்து 'டக் டக்' என்று சத்தமும் கேட்டால், உடனே அணைத்துவிடுங்கள். அங்கே காடே சரிகிறது. திரும்பத் திரும்பத் தொடங்கிப் பார்ப்பதால் கேடு கூடும். அதைக் கைதேர்ந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். 'பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா' என்ற சொற்கள் வந்தால் கிராணியின் பதிவேடு கிழிந்திருக்கிறது. நீலத்திரையில், அண்மைக்கால விண்டோஸ் 11-ல் கறுப்புத் திரையில், 'யுவர் டிவைஸ் ரேன் இன்டு எ ப்ராப்ளம்' என்று வந்தால், பெயர் கூப்பிடும்போது யாரோ ஒருவர் விழுந்துவிட்டார். அடியில் 'ஸ்டாப் கோட்' என்று ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர்தான் முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள்.

'அன்டூயிங் சேஞ்சஸ்' என்று வந்தால்? தொடாதீர்கள். மின்கம்பியைச் செருகி வைத்துவிட்டு, சோறாக்கப் போங்கள். இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். 2016-ல் யாராவது எனக்கு இதை மட்டும் சொல்லியிருந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "உங்கள் கணினியில் கிருமி, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று தொலைபேசி எண்ணோடு ஒரு திரை வந்து அலறினால், அது கணினியின் செய்தி அல்ல. ஏமாற்றுக்காரரின் செய்தி. உண்மையான தொடக்கப் பிழை எதுவும் உங்களிடம் தொலைபேசியில் பணம் கேட்காது. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் 997 என்ற எண்ணை அழைக்கலாம்.

எங்கள் கணினியில் இருந்தது 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' திரை. இது தானாக வராவிட்டால் வரவழைக்கவும் முடியும். விசையைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். மறுபடி போட்டு, சின்னம் தெரிந்ததும் அதேபோல அணைக்க வேண்டும். இப்படி இரண்டு முறை செய்தால் மூன்றாம் முறை கணினியே பழுதுபார்க்கும் அறைக்குள் நுழைந்துவிடும். ஆனால், மேம்பாடு நடந்துகொண்டிருக்கும்போதோ, பின்வாங்கிக்கொண்டிருக்கும்போதோ இதைச் செய்யக் கூடாது. எவ்வளவு நேரம் காத்தும் அசையாமல் செத்துக் கிடந்தால் மட்டுமே.

'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்தினோம். உடனே 48 இலக்கமுள்ள ஓர் எண்ணைக் கேட்டது. அண்ணன், "பாத்தீங்களா டீச்சர், பூட்டிக்கிச்சு, இனி அவ்வளவுதான்" என்றார். நானும் ஒரு கணம் திகைத்துத்தான் போனேன். இது 'பிட்லாக்கர்' என்ற பூட்டு. கணினி திருடு போனால் உள்ளே இருப்பதைப் பிறர் படிக்காதிருக்க, பல மடிக்கணினிகளில் இது தானாகவே போடப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே தெரியாது. 2024 ஜூலையில் பெரிய பெரிய நிறுவனங்களும் இந்த எண்ணைத் தேடித்தான் அலைந்தன. எண்ணை எழுதி வைத்திருந்த கணினியும் நீலத்திரையில் படுத்துக்கிடந்தால் எங்கே போவது?

அந்தப் பிள்ளையைக் கேட்டேன்: "இந்தக் கம்ப்யூட்டரை முதன்முதலில் திறந்தபோது எந்த மின்னஞ்சலைக் கொடுத்தாய், ஐயா?" யோசித்துச் சொன்னாள். அவளுடைய கைப்பேசியிலேயே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, கணினியின் பெயருக்குக் கீழே பார்த்தோம். 48 இலக்கமும் அங்கே இருந்தன. மறைச்சொல்லை நினைவுபடுத்துவதற்குத்தான் அரை மணி நேரம் ஆயிற்று. பள்ளியோ கல்லூரியோ கொடுத்த கணினியாக இருந்தால், இந்த எண் அவர்களிடம் இருக்கக்கூடும். இந்த எண் இல்லாமல் கடைக்காரராலும் உள்ளே போக முடியாது. ஆகவே, கணினி நன்றாக ஓடும்போதே தேடி, ஒரு தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் வைக்கிற கோப்பில் வைத்துவிடுங்கள்.

உள்ளே போனதும் பல வழிகள் தெரிந்தன. 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்' கிழிந்த பதிவேட்டை ஒட்டிப் பார்க்கும். 'சிஸ்டம் ரிஸ்டோர்' முந்தைய நாளின் பதிவேட்டுக்குப் போகும். 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கடைசியாக வந்த மாற்றத்தை நீக்கும். இம்மூன்றும் மரத்தைத் தொடுவதில்லை. 'ரீசெட் திஸ் பிசி' என்பதில்தான் கவனம் வேண்டும். அதற்குள் இரண்டு கதவு. 'கீப் மை ஃபைல்ஸ்' என்பது கோப்புகளை வைத்துக்கொண்டு மென்பொருள்களை மட்டும் நீக்கும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பது காட்டை வெட்டும். பெயரைப் படிக்காமல் விரலை வைக்காதீர்கள்.

அவள் விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறிக்கொண்டிருந்தாள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டதால் கூட்டாளிகள் எல்லாரும் மாறினார்களாம். மாறியதில் தவறில்லை. மாறிய நேரம்தான் தவறு. நவம்பர் மாதத்துச் சாயங்காலம், நம் பக்கத்தில் இடி இடிக்காத நாள் எது? மின்சாரம் ஒரு நொடி போய் வந்திருக்கிறது. மின்கலமோ பழையது, தாங்கவில்லை. வட்டிலும் மூச்சுவிட இடமில்லாமல் நிரம்பிக் கிடந்தது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது லயத்துக்கு மின்சாரம் தோட்டத்து இஞ்சினிலிருந்துதான் வரும். இரவு பத்து மணிக்கு இஞ்சின் நிற்கும் என்று தெரிந்து, அதற்கேற்ப வேலையை முடித்துக்கொள்வோம். இப்போது எந்நேரமும் மின்சாரம் உண்டு என்பதால் அந்தக் கணக்கு மறந்துவிட்டது.

'அன்இன்ஸ்டால் லேட்டஸ்ட் ஃபீச்சர் அப்டேட்' என்பதை அழுத்தினோம். புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. பத்து நிமிடம், இருபது நிமிடம். அண்ணனின் கை இரண்டு முறை விசையின் பக்கம் போயிற்று. "வேண்டாம் அண்ணே" என்று நான் தடுத்தேன். அவர் மனைவி தேநீர் கலக்கிக் கொடுத்தார். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு கணினி ஒருமுறை அணைந்து எழுந்தது. பழைய விண்டோஸ் 10 திரை. பின்னணியில் பாட்டியின் படம், கோலாசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்தியில் குரங்குக்குக் கச்சான் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை.

அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் படங்களை ஒரு பென்டிரைவிலும், இடுபணியை அதோடு கூகல் டிரைவிலும் நகலெடுத்தோம். இரண்டு வேறு இடங்களில் இருந்தால்தான் அது நகல். படங்களைக் கைப்பேசியிலிருந்து கணினிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியில் அழித்துவிட்டால், இடம் மாறியதே தவிர நகல் ஆகவில்லை.

ஒருவேளை இதெல்லாம் பலிக்காமல் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தால், அந்த அண்ணனுக்கு நான் எழுதிக் கொடுக்க வைத்திருந்த வாசகத்தையும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கணினியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும்: "ஜாஙான் ஃபோர்மெட் டூலு. சாலின் ஃபைல் டூலு." முதலில் அழிக்காதீர்கள், முதலில் கோப்புகளை நகலெடுங்கள். விண்டோஸ் எழாவிட்டாலும், வட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் பொருத்தியோ, பென்டிரைவிலிருந்து வேறோர் அமைப்பைத் தொடங்கியோ கோப்புகளை எடுக்க அவர்களால் முடியும். பூட்டு இருந்தால் அந்த 48 இலக்க எண்ணையும் கொண்டுபோங்கள். நகலுக்கு என்ன கூலி, புதிதாகப் போட என்ன கூலி என்று தனித்தனியாகக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

அந்தப் பிள்ளை கடைசியாகத் தட்டச்சு செய்த ஒன்றரைப் பக்கம் மட்டும் கிடைக்கவில்லை. சேமிக்காமல் விட்டிருக்கிறாள். திங்கட்கிழமை இரவு உட்கார்ந்து மறுபடி எழுதினாள். டிசம்பர் விடுமுறையில், வட்டைக் கொஞ்சம் காலி செய்துவிட்டு, மழை இல்லாத ஒரு காலை வேளையில் மறுபடி மேம்பாட்டைத் தொடங்கினோம். இந்த முறை ஏறிவிட்டது. அண்ணன் அந்த நாட்காட்டித் தாளை இன்னும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார், 48 இலக்கத்தையும் சேர்த்து எழுதி. வாசலுக்கு வருகிறவர் எல்லாரும் படிக்கும்படி வைக்க வேண்டாம், உள்ளே எடுத்து வையுங்கள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன்.